வெள்ளவத்தைக் கரையும் அயலவர் கவலையும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து மேற்கே பிரியும் ஒழுங்கைகள் கடலில்தான் முடிகின்றன. ராமகிருஷ்ண வீதி வழியே இறங்கினால் சில நிமிடங்களில் மரைன் டிரைவ் வந்துவிடும். அதைத் தாண்டினால் ரயில் பாதை, பாதைக்கு அப்பால் அடுக்கிய கருங்கற்கள், கற்களின் காலடியில் ஒடுங்கிய மணல், பிறகு கடல். கொஞ்ச தூரத்துக்குள் அடங்கிவிடும் இந்த இடத்தின் மேல் அதிகாரம் செலுத்தும் நிறுவனங்கள் பல. ஒழுங்கையும் குப்பையும் வடிகாலும் கொழும்பு மாநகர சபையின் பொறுப்பு. தண்டவாளமும் அதையொட்டிய ஒதுக்கு நிலமும் ரயில்வே திணைக்களத்துடையவை. நகரத் திட்டமும் கட்டட விதிகளும் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபையின் கையில் இருக்கின்றன. கரையோரம் பேணல் திணைக்களத்தின் அதிகாரம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்திலிருந்து வருகிறது. சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரும் சராசரித் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரும் அதன் வலயத்துக்குள் அடங்கும். வீட்டு வாசலில் வெள்ளம் நிற்கிறது என்று முறையிடப் போகிறவர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, அந்த வெள்ளம் எந்த அலுவலகத்துக்குச் சொந்தம் என்பதை.

கரையோரத்தில் வாழ்பவர்களின் கவலைகளைக் கூட்டிப் பார்த்தால் அவற்றின் அடியில் ஒரே வகையான தீர்மானம் தெரிகிறது. கண்ணுக்கு முன் உள்ள தொல்லையை வேறோர் இடத்துக்குத் தள்ளிவிடும் தீர்மானம் அது. தள்ளுபவர் அலுவலகத்தில் இருக்கிறார். வந்து விழும் இடத்தில் இருப்பவரை யாரும் கேட்பதில்லை.

மணலிலேயே இதைப் பார்க்கலாம். 1894இல் காலியையும் 1895இல் மாத்தறையையும் எட்டிய கரையோர ரயில் பாதை, கொழும்பின் தெற்குப் பகுதியில் அலைக்கு மிக அருகே போடப்பட்டது. பாதையைக் காப்பாற்றக் கருங்கல் அடுக்க வேண்டியதாயிற்று. கல், அலையை நிறுத்தும். மணலைப் பிடித்து வைக்காது. அலை கல்லில் மோதித் திரும்பும்போது முன்னாலிருக்கும் மணலையும் வாரிக்கொண்டு போகும். இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. களுகங்கை போன்ற ஆறுகள் கடலில் சேர்க்கும் மணலைத் தென்மேல் பருவக்காற்றுக் கால அலைகள் கரையோரமாக மேலே எடுத்துவருகின்றன. ஆற்றில் மணல் அள்ளினால் இந்த வரவு குறைகிறது. தெற்கே ஓரிடத்தில் கல்லணை எழுப்பினால் அதன் வடக்கே உள்ள கரை அரிக்கப்படுகிறது. தெஹிவளை – கல்கிசை மாநகர சபையின் எல்லை முடியும் இடத்தில் வெள்ளவத்தை தொடங்குகிறது. அந்த எல்லைக்கோடு மணலுக்குத் தெரியாது. தெற்கே எடுக்கப்படும் முடிவின் பலனை அனுபவிக்கும் வெள்ளவத்தைக்காரருக்குத் தெஹிவளையில் வாக்கு இல்லை.

2020இல், கொரோனா ஊரடங்கு நடந்துகொண்டிருந்த காலத்தில், கல்கிசைக் கரையில் கடலடி மணலை எடுத்துக் கொட்டிப் புதிய கடற்கரை ஒன்று அமைக்கப்பட்டது. பருவக்காற்று தொடங்கியதும் கொட்டிய மணலில் பெரும்பகுதி கண்ணெதிரே கரைந்துபோயிற்று. பொதுப்பணம் கடலோடு போனதென்று எதிர்ப்பு எழுந்தது. மணல் கடலடியில் பரவி அலையின் வேகத்தைத் தணிக்கும், திட்டமே அதுதான் என்று அதிகாரிகள் விளக்கம் தந்தார்கள். அந்த விளக்கத்தில் உண்மை இருக்கிறது. நிரப்பிய மணலில் ஒரு பங்கு நீருக்கடியில் சரிந்து படிவது எந்த நாட்டிலும் நடப்பதே. ஆனால் அது கொட்டுவதற்கு முன்பே சொல்லப்பட்டிருக்க வேண்டிய விளக்கம். எந்த மாதத்தில் கடல் எவ்வளவு தூரம் ஏறும் என்பது கல்கிசை மீனவர்களுக்குத் தலைமுறையாகத் தெரிந்த விஷயம். முன்கூட்டியே பேசியிருந்தால் பருவக்காற்றின் வாசலில் ஏன் இந்த வேலை என்ற கேள்வி மணல் கொட்டுமுன்பே எழுந்திருக்கும். அதற்கு ஒரு பதிலும் கிடைத்திருக்கும்.

கழிவுநீரின் கதை இன்னும் பழையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட கொழும்பின் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இரண்டு இடங்களில் கடலைச் சேர்கிறது. தெற்கே வெள்ளவத்தை; வடக்கே, கொட்டாஞ்சேனையை அடுத்த முகத்துவாரம். நகரில் தமிழர் அடர்ந்து வாழும் இரு முனைகளும் இப்படி நிலத்துக்கடியில் ஒரே வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அன்று தோட்டத்தோடு ஒரு வீடு நின்ற காணியில் இன்று தொடர்மாடி நிற்கிறது. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் முப்பது நாற்பது குடும்பங்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியே அனுமதி கிடைக்கிறது, ஒவ்வொன்றும் தனித்தனியே விதிக்கு உட்பட்டிருக்கவும் கூடும். ஆனால் ஒழுங்கையின் அகலம் மாறவில்லை. மழைநீரும் கழிவுநீரும் போகும் வழி ஒழுங்கைக்கு ஒன்றுதான். ஒழுங்கை முழுவதையும் ஒரே கணக்காகப் பார்க்கும் பொறுப்பு அனுமதிப் பத்திரங்களில் எதிலும் இல்லை. இரண்டு மணி நேரம் அடைமழை பெய்தால் அந்தக் கணக்கு வீதியில் தேங்கி நிற்கிறது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. தொடர்மாடியை எதிர்ப்பவரும் பெரும்பாலும் ஒரு தொடர்மாடியில்தான் வசிக்கிறார். தனக்குப் பின் வருகிறவரைத் தடுக்கும் விருப்பமும் ஒழுங்கையின் நலன் மீதான அக்கறையும் ஒரே மனுவில் கையெழுத்திடுகின்றன. மனுவை வாசிக்கும் அதிகாரி இரண்டையும் ஒன்றாகக் கருதி ஒதுக்கிவைப்பது எளிது. கவலை மதிக்கப்பட வேண்டுமானால், தன் வாசலுக்கு வெளியே அது எவ்வளவு தூரம் பார்க்கிறது என்பதையும் காட்ட வேண்டியிருக்கிறது.

கொட்டாஞ்சேனைக்கு இது மிகக் கசப்பான முறையில் தெரிந்த பாடம். புளூமெண்டல் வீதியருகே மாநகரக் குப்பை ஆண்டுக்கணக்கில் கொட்டப்பட்டு மலையாக எழுந்தது. நாற்றம், புகை, ஈ, பிள்ளைகளின் இருமல் என்று அயலில் வாழ்ந்தவர்கள் சொன்ன முறைப்பாடுகள் அனைத்தும் நியாயமானவை. 2009இல் உயர் நீதிமன்றத்தின் தலையீட்டோடு அங்கு கொட்டுவது நின்றது. ஆனால் நகரத்தின் குப்பை குறையவில்லை. அது கொலன்னாவையை அடுத்த மீதொட்டமுல்லைக்குப் போயிற்று. அங்கிருந்தவர்களும் ஆண்டுக்கணக்கில் வீதியில் இறங்கி எதிர்த்தார்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, அந்த மலை சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் இறந்தார்கள். புத்தளம் மாவட்டத்தின் அருவக்காலு கொழும்புக் குப்பைக்கு அடுத்த இடமானபோது, புத்தளம் மக்கள் அதே முறைப்பாட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் தொடர்ந்தார்கள். கொட்டாஞ்சேனை மக்களின் வெற்றி மீதொட்டமுல்லையின் சாவுக்குக் காரணம் என்று சொல்வது அநியாயம். குப்பையை வீட்டிலேயே பிரித்துக் குறைத்துக் கையாளும் ஒழுங்கை உருவாக்காமல் லொறியின் திசையை மட்டும் மாற்றியவர்கள் பதவியில் இருந்தவர்கள். ஆனாலும் புளூமெண்டலில் கொட்டுவது நின்றபோது எழுந்திருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: இனி இது யாருடைய வாசலுக்கு? அந்தக் கேள்வியைக் கேட்கும் கடமை நிம்மதி அடைந்தவர்களுக்குத்தான் முதலில் உண்டு.

யாரைக் கேட்க வேண்டும் என்பதற்கு முன், யார் வசிப்பவர் என்ற கேள்வி நிற்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இது ஏட்டளவான கேள்வியாக என்றும் இருந்ததில்லை. 1983இன் தமிழர் எதிர்ப்பு வன்முறைக்குப் பிறகும், போரின் நீண்ட ஆண்டுகளிலும், வடக்கிலும் கிழக்கிலுமிருந்து வந்தவர்கள் இவ்விரு பகுதிகளின் அனெக்ஸ்களிலும் லொட்ஜ்களிலும் தங்கினார்கள். வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காக வந்து இருபது வருடம் தங்கிவிட்டவர்கள் எல்லாரும் அவர்களில் இருந்தார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, கொழும்பில் தங்கியிருக்கத் தகுந்த காரணம் இல்லை என்று கூறி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை உள்ளிட்ட இடங்களின் லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை விதித்தது. அன்றைய பிரதமர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அது மாநகர சபையின் முடிவன்று. ஆனால் தன் ஊரில் தான் இருப்பதற்கே காரணம் காட்ட வேண்டியிருந்த ஒருவர், அதே ஊரில் வடிகால் அடைத்திருக்கிறது என்று எழுந்து நின்று சொல்ல எத்தனை காலம் பிடிக்கும் என்பதை எந்தச் சட்டமும் கணக்கில் எடுப்பதில்லை. இன்றும் வாடகை வீட்டில் இருக்கும் பலர் கொழும்பு வாக்காளர் பட்டியலில் இல்லை. சிலர் ஊர்ப் பதிவை விட மனமில்லாதவர்கள். சிலருக்கு வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதம் கிடைப்பதில்லை. சபைக்கு அவர்கள் குப்பைப் பையாகத் தெரிகிறார்கள், வாக்காகத் தெரிவதில்லை.

வாக்கு இருந்தவர்களுக்கும் நீண்ட இடைவெளி ஒன்று வந்தது. 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல், நிதி இல்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. அதன் மூலம் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6இல் தேர்தல் நடந்து 117 உறுப்பினர்களுடன் மாநகர சபை மீண்டும் கூடும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கொழும்பு நகரம் அதிகாரிகளின் நிர்வாகத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் அனுமதிகள் வழங்கப்பட்டன, வரி அறவிடப்பட்டது, வீதிகள் தோண்டப்பட்டன. கேள்வி கேட்க வட்டார உறுப்பினர் என்று ஒருவர் இல்லை.

கரை விடயத்தில் சபை இருந்தாலும் அதன் கை குறுகியது. கொழும்புத் துறைமுக நகரம் 269 ஹெக்டயர் பரப்பில் கடலை நிரப்பி எழுப்பப்பட்டது. அதற்கான மணல் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டபோது நீர்கொழும்பு மீனவர்கள் வாழ்வாதாரத்துக்காகப் போராடினார்கள். 2021ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அந்த நிலத்தைத் தனி ஆணைக்குழு ஒன்றின் பொறுப்பில் வைத்தது. அதன் உறுப்பினர்களை நியமிப்பவர் ஜனாதிபதி. நகரின் முகப்பில் புதிதாய்ப் பிறந்த நிலத்தின் நிர்வாகம், நகர மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த எவரிடமும் இல்லை.

சட்டம் வாய்ப்பே தரவில்லை என்று சொல்ல முடியாது. சூழல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் திட்டங்களில் அறிக்கையைப் பார்வைக்கு வைத்து 30 நாட்கள் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதப்பட்ட பொறியியல் அறிக்கையை வேலைக்குப் போய்வரும் ஒருவர் வாசித்துப் பதில் எழுத 30 நாட்கள் போதாது. திட்டம் அமையும் இடத்தின் அயலவருக்கே அறிவித்தல் கண்ணில் படுவது அரிது; மணல் எடுக்கப்படும் இடத்திலும் கழிவு போய்ச்சேரும் இடத்திலும் இருப்பவர்களுக்கு அது தங்களைப் பற்றிய அறிவித்தல் என்றே தெரிவதில்லை. இங்கே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் ஓரளவு உதவுகிறது. குறிப்பிட்ட பெறுமதிக்கு மேற்பட்ட திட்டங்களின் விபரங்களை, வேலை தொடங்க மூன்று மாதங்களுக்கு முன்பே வெளியிட வேண்டும் என்று அதன் 9ஆம் பிரிவு சொல்கிறது. உள்நாட்டு நிதியில் நடக்கும் திட்டங்களுக்கு அந்த எல்லை வெறும் 5 இலட்சம் ரூபா. ஒழுங்கை வடிகால் ஒன்றைத் திருத்துவதுகூட இதற்குள் வந்துவிடும். இந்தப் பிரிவு ஒழுங்காக நடைமுறையில் இருந்தால் மரைன் டிரைவில் எந்த இயந்திரமும் அயலவரைத் திடுக்கிட வைக்காது.

வெளியிடாவிட்டால் எழுதிக் கேட்கலாம். மாநகர சபையிலும் கரையோரத் திணைக்களத்திலும் நகர அபிவிருத்தி அதிகார சபையிலும் இதற்கெனத் தகவல் அதிகாரி இருக்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதன் பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் போகலாம். கேட்பதற்கான காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. காணி உறுதியோ ஆதன வரிப் பற்றுச்சீட்டோ கொழும்பு வாக்காளர் பட்டியலில் பெயரோ வேண்டியதில்லை, நாட்டின் குடியுரிமை போதும். வெள்ளவத்தை அனெக்ஸில் இருப்பவர் தெஹிவளைக் கல்லணையைப் பற்றியும், புத்தளத்தில் இருப்பவர் கொழும்பு மாநகர சபையின் குப்பை ஒப்பந்தத்தைப் பற்றியும் இந்தச் சட்டத்தின்கீழ் கேட்கலாம்.