பிரம்பும் மரியாதையும்

மரியாதையை அடித்து வரவழைக்க முடியுமா என்பது பாடசாலை நிர்வாகத்தின் கேள்வி மட்டுமல்ல, மார்க்கத்தின் கேள்வியும்கூட. செயலின் மதிப்பு நிய்யத்தில், அதாவது உள்ளத்தின் எண்ணத்தில், இருக்கிறது என்று இஸ்லாம் கொள்கிறது. அப்படியானால் பிரம்புக்குப் பயந்து எழுந்து நின்று ஸலாம் சொல்லும் மாணவனிடம் இருப்பது பயம்தான். ஒழுக்கம் இன்னும் வரவில்லை.

இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர்ப் பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவிலும் பாடசாலையிலுமாக இரண்டு இடங்களில் ஒழுக்கம் படிக்கிறார்கள். பிரம்பும் நெடுங்காலம் இரண்டு இடத்திலும் இருந்தது. அடியாத மாடு படியாது என்று சொல்லி வாப்பாமாரே பிள்ளையை ஒப்படைத்தார்கள். இதற்கு ஆதாரமாக, பத்து வயதில் தொழாத பிள்ளையை அடிப்பது பற்றிய நபிமொழி காட்டப்படும். அந்த நபிமொழி பேசுவது தொழுகையைப் பற்றி; அதுவும் ஏழு வயதிலிருந்து மூன்று வருடம் ஏவிய பிறகு. வீட்டுவேலை செய்யாதவனுக்கும் முடி வளர்த்தவனுக்கும் அதை நீட்டுவது பொருந்தாது. நபியவர்கள் போர்க்களத்திலன்றித் தம் கையால் எவரையும் அடித்ததில்லை என்ற ஆயிஷா நாயகியின் அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் ஆசிரியரின் கடமைகளைச் சொல்லும்போது, மாணவனைப் பெற்ற பிள்ளையாகக் கருதுவதை முதலில் வைக்கிறார். பிழையைத் திருத்த வேண்டுமானால் குறிப்பாக, இரக்கத்தோடு சொல்ல வேண்டும். வெளிப்படையாகக் கண்டித்தால் மரியாதையின் திரை கிழிந்துவிடும், பிறகு பிள்ளை துணிந்துவிடுவான் என்கிறார். 14ஆம் நூற்றாண்டில் வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்: கடுமையில் வளரும் பிள்ளை அடிக்குத் தப்புவதற்காகப் பொய்யும் வஞ்சகமும் பழகுகிறான், நாளடைவில் அதுவே அவன் குணமாகிவிடுகிறது.

காலைக் கூட்டத்தில் பிந்தி வந்தவனை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி முன்னால் நிறுத்துவது கஸ்ஸாலி அஞ்சியது போன்ற செயல்தான். அதே மாணவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டால், விடியலில் வாப்பாவோடு கரைவலை இழுத்துவிட்டு ஓடி வந்தது தெரியவரலாம். உம்மா மத்திய கிழக்கில் வேலை செய்ய, தம்பி தங்கையை வெளிக்கிடுத்தி அனுப்பிவிட்டு வருபவளும் இருக்கலாம். 2004 டிசம்பர் 26இன் சுனாமி இந்தக் கரையைச் சிதைத்த பிறகு, வகுப்பில் உறைந்துபோய் இருந்த பிள்ளைகளுக்கும் எதற்கெடுத்தாலும் சீறிய பிள்ளைகளுக்கும் தேவைப்பட்டது பரிவு. திமிர் என்று தோன்றுவதற்குள் துக்கம் இருக்கக்கூடும் என்பதை அந்த வருடங்களே போதுமான அளவு கற்பித்தன.

சட்டமும் இப்போது இதே பக்கம்தான் நிற்கிறது. கல்வி அமைச்சின் 2005/17 இலக்கச் சுற்றுநிருபம் பாடசாலையில் உடல் தண்டனையைத் தடுத்தது. ஆசிரியர் அறைந்ததால் செவி பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

பிரம்பைக் கீழே வைத்துவிட்டால் ஒழுங்கு தானாக வராது என்பதும் உண்மை. மாணவன் மாணவனைக் கேலி செய்து, அடித்து, ஒதுக்கும்போது ஆசிரியர் பேசாமல் இருந்தால் அது இரக்கம் ஆகாது. இங்கே மார்க்கம் தெளிவான வழி வைத்திருக்கிறது. அடியானுக்கு அடியான் செய்த அநியாயம், பாதிக்கப்பட்டவரிடம் பொருந்திக்கொள்ளக் கேட்டால்தான் தீரும். ஆகவே அதிபரின் அறையில் எழுதிக் கொடுக்கும் மன்னிப்புக் கடிதத்தோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. அடித்தவன் அடிபட்டவனிடம் போக வேண்டும், கொப்பியைக் கிழித்திருந்தால் அதை எழுதிக் கொடுக்க வேண்டும், அடிபட்டவன் மனமொப்பிப் பொருந்திக்கொள்ளும்வரை பொறுக்க வேண்டும்.

குறையை மறைக்கும் நற்பண்பு தவறிய பிள்ளைக்கு உரியது. பிள்ளையைத் துன்புறுத்தும் பெரியவர் ஆசிரியரானாலும் மௌலவியானாலும் அந்தத் திரைக்குள் ஒளிய முடியாது. பாடசாலையின் பெயர், ஊரின் மானம் என்று அதை மூடுபவரும் அநியாயத்தில் பங்காளியே. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் பிள்ளைகளின் கண்ணில் படும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும்.