காணாதவருக்காக வருந்துவது தகுமா?

ஒருமுறையேனும் நேரில் கண்டிராத ஒருவர் மறைந்தார் என்று கேட்டு ஓர் இளைஞன் கண்ணீர் விடுகிறான். மறைந்தவர் அவனுக்கு உறவினர் அல்லர், நண்பரும் அல்லர், இப்படி ஒருவன் உலகில் இருக்கிறான் என்பதைக்கூட அவர் அறிந்தவர் அல்லர். இந்தக் கண்ணீரை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? இது அன்பா, அல்லது வெறும் மயக்கமா?

2022-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் அமெரிக்காவில் பில்லி காமெட்ஸ் என்ற குரல் நடிகர் பெருங்குடல் புற்றுநோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 35. ஜப்பானிய அனிமேஷன் படைப்புகளுக்கும் வீடியோ விளையாட்டுகளுக்கும் ஆங்கிலத்தில் குரல் கொடுப்பது அவரது தொழில். ‘ஜோஜோஸ் பிசார் அட்வென்ச்சர்’ தொடரில் ஜோஸுகே, ‘தி ரைசிங் ஆஃப் தி ஷீல்டு ஹீரோ’ தொடரில் நவோஃபுமி, ‘ப்ரோமேர்’ திரைப்படத்தில் காலோ என்னும் தீயணைப்பு வீரன், ‘ஃபயர் எம்ப்ளம்: த்ரீ ஹவுசஸ்’ விளையாட்டில் ஃபெர்டினாண்ட் என்னும் பிரபு என்று பல பாத்திரங்கள் அவர் குரலால் உயிர் பெற்றன. அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் தமக்குப் புற்றுநோய் நான்காம் நிலையை எட்டிவிட்டது என்று வெளிப்படையாக அறிவித்து, தொழிலிலிருந்து விலகி, பென்சில்வேனியாவிலுள்ள தம் குடும்பத்தாரிடம் திரும்பினார். அதன்பின் இரண்டு மாதங்கள்கூட அவர் உயிர் வாழவில்லை. பல நாடுகளில் இருந்த ரசிகர்கள், பெரும்பாலும் இளைஞர்கள், தங்கள் வீட்டில் ஒருவரை இழந்ததுபோல் அழுதார்கள்.

பெரியவர்கள் சிலர் இதைக் கேட்டுப் புன்முறுவல் செய்யக்கூடும். ‘பொம்மைப் படத்திற்குப் பேசியவருக்காக இத்தனை துக்கமா?’ என்று வினவவும் கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் விடை கூறுவதற்கு முன் இரண்டு உண்மைகளை நாம் கருத வேண்டும்.

குரலில் வருவது யார்?

முதலாவது, குரல் நடிப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பது. ஆங்கில ஒலிச்சேர்க்கையில் நடிகர் பெரும்பாலும் தனியாகவே ஒலிப்பதிவு அறையில் நிற்கிறார். எதிரில் சக நடிகர் இல்லை, பார்வையாளர் இல்லை, உடையும் ஒப்பனையும் இல்லை. திரையில் படம் ஓடுகிறது. காதில் மூன்று சிறு ஒலிகள் கேட்கின்றன. நான்காவது ஒலி விழவேண்டிய நொடியில் அவர் பேசத் தொடங்க வேண்டும். வேறொரு மொழியின் அசைவுகளுக்கென வரையப்பட்ட உதடுகளோடு தம் சொற்கள் பொருந்த வேண்டும். வெற்றறையில் நின்றபடி தாயை இழந்தவனைப் போல் அழ வேண்டும்; போர்க்களத்தில் நிற்பவனைப் போல் முழங்க வேண்டும். முகம், உடல், அரங்கு ஆகிய துணைகள் அனைத்தையும் இழந்த நிலையில் அவரிடம் எஞ்சியிருப்பவை மூச்சும் மனமும் மட்டுமே. ஆகவே கேட்பவனை அடைவது பொய்யான ஒன்றன்று. ஒரு மனிதர் ஒருமுகப்பட்ட மனத்தோடு அளித்த உழைப்பே அவனை அடைகிறது.

இரண்டாவது உண்மை இன்னும் முக்கியமானது. காமெட்ஸ் மறைந்தபோது அவருடைய பாத்திரங்களில் ஒன்றுகூட மறையவில்லை. ஜோஸுகே இன்றும் அதே இளமையோடு திரையில் இருக்கிறான். நவோஃபுமிக்குப் பின்னர் வேறொரு நடிகர் குரல் கொடுக்கிறார், கதை தொடர்கிறது. அவர் இறந்த பதினைந்தாம் நாள், ஜூன் 24 அன்று, அவர் முன்பே பேசி முடித்திருந்த ‘ஃபயர் எம்ப்ளம் வாரியர்ஸ்: த்ரீ ஹோப்ஸ்’ என்ற விளையாட்டு வெளிவந்தது. அதில் ஃபெர்டினாண்ட் முன்போலவே மிடுக்காகப் பேசினான். ரசிகர்கள் பாத்திரத்தை மட்டும் நேசித்திருந்தால் அவர்களுக்கு அழக் காரணமே இல்லை. பாத்திரம் அப்படியே இருக்க, அவர்கள் அழுதார்கள். பாத்திரம் வேறு, அதற்கு மூச்சளித்த மனிதர் வேறு என்று அவர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள் என்பதை அதுவே காட்டுகிறது. மயக்கம் என்பது வேடத்தை மெய்யென்று கொள்வது. இவர்களோ வேடத்திற்குப் பின்னிருந்த மனிதரை நினைந்து வருந்தினார்கள். இதை மயக்கம் என்று எவ்வாறு கூறுவது?

நேரில் காணாமலே அன்பு வளரலாம் என்பது நம் முன்னோர் ஏற்றுக்கொண்ட கருத்துதான். கோப்பெருஞ்சோழனைக் காணாமலே அவனிடம் நட்புப் பூண்ட பிசிராந்தையாரை நாம் போற்றுகிறோம். நட்புக்குக் கூடிப் பழகுதல் இன்றியமையாததன்று, ஒத்த உணர்ச்சியே போதும் என்பது வள்ளுவர் கருத்து. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. சோழனும் புலவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். ரசிகரின் அன்போ ஒருபக்கத்தது. எனவே அதை நட்பு என்பதைவிட நன்றி என்று அழைப்பதே பொருந்தும். நமக்கு நன்மை செய்தவர் நம்மை அறிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை நன்றிக்கு இல்லை. நிழல் தரும் மரத்தை நட்டவர் நம் பெயரை அறிந்தா நட்டார்?

துக்கத்தைத் துடைத்தெறியலாமா?

இனி வேறொரு கேள்வி எழுகிறது. நம்மைப் போன்றவர்கள் துக்கத்தில் இருப்பவரைக் கண்டதும் உடனே தத்துவம் கூறத் தொடங்குகிறோம். ‘பிறந்தவர் இறப்பது உறுதி, உடல் ஓர் உடை, ஆன்மாவுக்கு அழிவில்லை, ஆகவே அழாதே’ என்கிறோம். கூறும் கருத்தில் பிழை இல்லை. ஆனால் கூறும் நேரமும் நோக்கமும் சரியானவையா? பிறர் கண்ணீரைக் காணும்போது நமக்கு உண்டாகும் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்வதற்காகவும் நாம் தத்துவத்தைப் பயன்படுத்துவதுண்டு. அத்தகைய ஆறுதல், அழுபவரின் வாயை அடைப்பதோடு நின்றுவிடுகிறது. அவர் மனத்தைத் தொடுவதில்லை.

இந்தக் கேள்வியையே மையமாகக் கொண்ட ஒரு கதையில் காமெட்ஸ் குரல் கொடுத்திருக்கிறார். ‘பெர்சோனா 5 ராயல்’ என்ற அந்த ஜப்பானிய விளையாட்டின் ஆங்கிலப் பதிப்பு 2020-இல் வெளிவந்தது. அதில் தாகுதோ மாருகி என்ற மனநல ஆலோசகர் வருகிறார். கொடியவர் அல்லர், கருணை மிக்கவர். அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண், பெற்றோரைக் கொலையில் பறிகொடுத்துச் செயலற்றுப் போகிறாள். அவருக்குக் கிட்டிய அபூர்வ ஆற்றலால் அவள் துயரம் நீங்குகிறது. ஆனால் துயரத்தோடு அவரைப் பற்றிய நினைவும் அவளிடமிருந்து நீங்கிவிடுகிறது. இந்த மருந்தையே உலகம் முழுவதற்கும் அளிக்க அவர் முற்படுகிறார். அவர் படைக்கும் உலகில் ஒருவரும் இழப்பை அறிவதில்லை. இறந்துபோன பெற்றோர்கூடத் திரும்பி வருகிறார்கள். கதையின் இளைஞர்கள் அந்த இன்பத்தைச் சுவைத்துப் பார்க்கிறார்கள். பின்பு, தாமே முன்வந்து, அதை மறுத்துவிடுகிறார்கள். தாயை இழந்த பெண்ணும் தந்தையை இழந்த பெண்ணும் அந்த இழப்போடு கூடிய உண்மை வாழ்வையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஏன் மறுத்தார்கள்? துயரம் நல்லது என்பதற்காக அல்ல. துயரத்தை அழித்தால் அதனோடு பிணைந்துள்ள அன்பும் அழியும் என்பதற்காக. இறந்தவர் நமக்கு யாராக இருந்தார் என்பதை நமக்கு அறிவிப்பதே துயரம். அந்த அறிவை அழித்து அடையும் அமைதி, அமைதியன்று, மறதி. ஞானம் மறதியிலிருந்து வேறுபட்டது. ஞானி இழப்பைக் கண் திறந்து பார்க்கிறார். பார்த்த பின்பும் நிலைகுலையாதிருக்கிறார். அழுபவனுக்கு நாம் உதவ விரும்பினால் முதலில் அவன் அருகில் அமர்வோம். மறைந்தவரைப் பற்றி அவன் கூற விரும்புவதைக் கேட்போம். தத்துவத்திற்கு உரிய நேரம் பின்னர் தானே வரும்.

துயரத்தின் உரைகல்

அப்படியானால் எல்லாத் துயரமும் மேலானதா? அவ்வாறும் கூற இயலாது. இங்கே ஒரு கடினமான கேள்வியை நாம் எதிர்கொண்டே ஆக வேண்டும். காமெட்ஸ் மறைந்த அதே நாளில் எத்தனையோ பேர் அதே நோயால் மறைந்திருப்பார்கள். அவர்களுக்காக அழ நால்வர்கூட இல்லாதிருக்கலாம். அடுத்த தெருவில் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருப்பவரை எட்டிப் பாராதவன், கடல் கடந்த ஒரு குரலுக்காக அழுவது நீதியா?

அன்பு ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறைந்துபோகும் பண்டம் அன்று என்பது உண்மை. எனினும் கேள்வியின் கூர்மை அதனால் மழுங்கிவிடாது. துயரம் தன்னைத்தானே சுவைத்துக்கொண்டு தேங்கி நின்றால் அது உணர்ச்சி விளையாட்டாகவே முடியும். தன்னைத் தாண்டிப் பிறரை நோக்கிப் பாயுமானால் அது கருணையாகும். அது எத்திசையில் செல்கிறது என்பதே உரைகல்.

இந்த உரைகல்லில் அந்த ரசிகர்கள் பலர் தேறினார்கள் என்றே கூற வேண்டும். ஏப்ரலில் அவர் தம் நோயை அறிவித்தவுடன் சிகிச்சைச் செலவுக்காக நிதி திரட்டப்பட்டது. முன்பின் அறியாதவர்கள் தங்களால் இயன்றதை அனுப்பினார்கள். அவர் குரல் தங்கள் வாழ்வின் எந்த இருண்ட நாளில் துணையாயிற்று என்பதை எழுதி அனுப்பினார்கள். அவர் உயிரோடிருக்கையிலேயே இதைச் செய்தார்கள் என்பதுதான் இதில் நாம் கற்க வேண்டிய செய்தி. நாமோ நன்றியை இரங்கற் கூட்டத்திற்கென்று சேமித்து வைக்கிறோம்.

துயரம் செல்லக்கூடிய மற்றொரு வழியும் உண்டு. பெருங்குடல் புற்றுநோய் முதியோர் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இப்போது பல நாடுகளில் 50 வயதுக்குட்பட்டவர்களிடம் அது பெருகி வருகிறது. நடிகர் சாட்விக் போஸ்மன் 2020-இல் 43 வயதில் இதே நோயால் மறைந்தார். அமெரிக்காவில் சராசரி ஆபத்துள்ளவர்களுக்கான பரிசோதனையை 50 வயதுக்குப் பதிலாக 45 வயதிலேயே தொடங்குமாறு 2021-இல் அந்நாட்டு நோய்த்தடுப்பு வல்லுநர் குழு பரிந்துரைத்தது. 35 வயதினரை அந்த வரம்பும் எட்டுவதில்லை. அவர்களைக் காப்பது விழிப்புணர்வே. மலத்தில் இரத்தம், காரணமின்றி மாறிவிட்ட மலம் கழிக்கும் பழக்கம், விளங்காத எடைக் குறைவு, இரத்தசோகை ஆகியவற்றை ‘மூலமாக இருக்கும்’ என்று ஒதுக்கிவிட்டு, கூச்சத்தால் மறைப்பவர்கள் பலர். இந்நோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் தோன்றும் சிறு கட்டிகளிலிருந்து பல ஆண்டுகளில் மெல்ல உருவாகிறது. குடலைத் தாண்டிப் பரவுமுன் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியபின் அந்த வாய்ப்பு மிகவும் சுருங்கிவிடுகிறது. ஒரு குரலை இழந்து வருந்தியவன், தன் அண்ணனையோ தோழியையோ கூச்சத்தை விட்டு மருத்துவரிடம் செல்லுமாறு வற்புறுத்தினால், அந்த வருத்தம் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

ஜோஸுகே என்ற பாத்திரத்திற்கு ஒரு வரம் உண்டு. உடைந்த பொருளையும் பிறர் உடலிலுள்ள காயத்தையும் அவன் சரிசெய்துவிடுவான். ஆனால் தன் காயத்தை அவனால் ஆற்றிக்கொள்ள முடியாது. போன உயிரை மீட்கவும் முடியாது. மனிதருக்கு வாய்த்த ஆற்றலும் ஏறக்குறைய அத்தகையதே. இறந்தவரை நாம் மீட்க இயலாது. நம் துயரத்தை நாமே அறுத்தெறியவும் இயலாது. பிறர் காயத்திற்கு மருந்திட மட்டும் இயலும். அதைச் செய்கையில் நம் காயமும் சிறிது ஆறுவதை அனுபவத்தில் காண்கிறோம்.

ஆகவே, காணாத ஒருவருக்காக அழும் இளைஞனை நாம் எள்ளி நகையாட வேண்டாம். ‘உனக்கு அவர் என்ன தந்தார்?’ என்று அன்போடு கேட்போம். ‘அதை நீ யாருக்குத் தரப்போகிறாய்?’ என்பதை அடுத்த கேள்வியாக வைப்போம். பின்பு நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். நம் வாழ்வுக்குத் துணையான குரல்கள் எத்தனையோ உண்டு. எழுத்தறிவித்த ஆசிரியர், நோயில் தைரியம் கூறிய செவிலியர், தினமும் நம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் அண்டை வீட்டார் என்று அவை நம்மைச் சூழ்ந்திருக்கின்றன. அவர்களுள் இன்றும் நம் சொல்லைக் கேட்கும் நிலையில் இருப்பவர் யார்? அவருக்குரிய நன்றியை இன்றே சென்று கூறுவோமாக.