கடைக்கோடிக் குழாய்

சென்னையிலிருந்து கொல்கத்தா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கவரைப்பேட்டையை அடைவதற்குச் சற்று முன்னர், பெரியபாளையத்திற்கு ஒரு சாலை பிரிகிறது. அங்கேதான் புதுவாயல் இருக்கிறது. வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. அருகே ஆரணியாற்றுப் படுகை. ஆலைக்கு நீர் வேண்டும். வயலுக்கு நீர் வேண்டும். குடத்துடன் தெருக்குழாயடியில் நிற்கும் தாய்க்கும் நீர் வேண்டும். மூவரும் நம்பியிருப்பது மண்ணுக்கடியில் உள்ள அதே நீரைத்தான். அந்நீர் யாருடையது? சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. மனச்சான்று என்ன விடை கூறும் என்பதே நம் கேள்வி.

திருமறையில் நாம் காணும் மிகப் பழைய வழக்குகளுள் ஒன்று கிணற்று வழக்காகும். தந்தை ஆபிரகாமின் காலத்தில் வெட்டப்பட்டுப் பெலிஸ்தியரால் தூர்க்கப்பட்ட கிணறுகளை ஈசாக்கு மீண்டும் தோண்டியதைத் தொடக்க நூலின் 26ஆம் அதிகாரம் கூறுகிறது. ஊற்றுக் கண்டதும் கெராரின் மேய்ப்பர்கள் அந்நீர் தங்களுடையது என்று வாதாடினர். ஈசாக்கு விலகிச் சென்று வேறொன்று தோண்டினார், அதற்கும் வழக்கு. மூன்றாவது கிணற்றுக்குத்தான் வழக்கில்லை. அதற்கு 'அகன்ற இடம்' என்னும் பொருள்படப் பெயரிட்டார். இந்நிகழ்ச்சியைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாக மறையுரைகளில் நாம் பலமுறை கூறியதுண்டு. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கத் தவறினோம். ஈசாக்கிற்கு விலகிச் செல்ல வேறு நிலம் இருந்தது. நாமோ எங்கே விலகிச் சென்று தோண்டினாலும், அண்டை வீட்டாரின் நீரையே தோண்டுகிறோம்.

இவ்வுண்மையை நம் வட்டாரம் பட்டறிந்துள்ளது. 1960களில் ஐக்கிய நாடுகளின் உதவியுடன் நடைபெற்ற ஆய்வு, ஆரணியாறு, கொசத்தலையாறு ஆகியவற்றின் படுகைகளில் நல்ல நீர் மிகுந்திருப்பதைக் கண்டறிந்தது. அதன் பின்னர் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களிலிருந்து சென்னை மாநகருக்கும் மணலியின் ஆலைகளுக்கும் நீர் சென்றது. உழவர்களும் தம் பயிருக்கு இறைத்தனர். இறைத்த அளவிற்கு மழை ஈடுசெய்யவில்லை. நன்னீர் கீழே இறங்க இறங்க, கடல் நிலத்தடியில் உள்ளே நுழைந்தது. மீஞ்சூர்ப் பகுதியில் 1969 வாக்கில் கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் நின்ற உவர்நீர், 1980களின் இறுதிக்குள் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. 1987இல் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தச் சட்டம் பிறந்தது. 2010இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாள்தோறும் 10 கோடி லிட்டர் குடிநீரைப் பிரித்தெடுக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. இறைவன் மணலில் வடிகட்டி இலவசமாகத் தந்ததைக் கெடுத்துவிட்டு, அதையே பெருஞ்செலவில் கடலிலிருந்து மீட்க முற்பட்டோம்.

இதில் குற்றவாளி யார்? எவரையும் சுட்டிக்காட்ட இயலாது. ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் நின்று, தமக்கு உரியது என்று நம்பியதையே எடுத்தனர். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமும் நிலவுடையவர் தம் நிலத்தின்கீழ் உள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை ஏற்கிறது. ஆனால் நிலத்திற்கு வரப்பு உண்டு. நீருக்கு ஏது வரப்பு?

உடைமையைப் பற்றிப் புனித தாமஸ் அக்குவினார் ஒரு வேறுபாட்டை எடுத்துரைக்கிறார். பொருளை ஈட்டவும் பேணவும் தனிமனிதருக்கு உரிமை உண்டு. அதைப் பயன்படுத்துவதில் மட்டும் அதனைப் பொதுவானதாகக் கருதி, தேவையுற்றோருடன் பகிர ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பது அவர் போதனை. உலகின் நலன்கள் மாந்தர் அனைவருக்காகவும் படைக்கப்பட்டவை என்பதை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வலியுறுத்தியது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில், தூய குடிநீர் பெறுதல் மனிதரின் அடிப்படை உரிமை என்றார். அப்படியானால், நம் கிணற்றுக்கு நாம் காவலர்களே.

மாநகரைப் பழிப்பது நம் நோக்கமன்று. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, சோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் வந்ததைக் கண்டோம். அங்கே தவித்தவர்களும் நம் மக்களே. தாகத்திற்கு நகரம், சிற்றூர் என்னும் வேறுபாடு இல்லை. மேலும், நகரத்தின்மேல் நாம் சுமத்தும் குற்றம் நம் தெருவிலேயே நடக்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை.

ஓர் ஊராட்சியின் குடிநீர் வழங்கலை நினைத்துப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏறுகிறது. தொட்டி இயக்குபவர் பிளீச்சிங் பவுடர் கலந்து, குறித்த வேளையில் வால்வைத் திறக்கிறார். பள்ளமும் மேடுமாகிய ஊரில் நீர் தன் இயல்பினால் ஓடுகிறது. குழாய் நீள நீள அழுத்தம் குறைகிறது. இந்நிலையில் முதல் தெருவில் ஒருவர் தம் வீட்டு இணைப்பில் மின்மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சினால், கடைசித் தெருவின் குழாயில் காற்றுதான் வரும். அதைவிடக் கொடியது ஒன்றும் உண்டு. அழுத்தம் இழந்த குழாய், தன் விரிசல்களின் வழியே சாக்கடை நீரை உள்ளிழுக்கும். ஆகவே, மோட்டார் வைத்தவர் தாம் அறியாத ஒரு குழந்தையின் வயிற்றுப்போக்கிற்கும் காரணமாகலாம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இதை எவரும் அறிக்கையிட நாம் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று நமக்குத் தோன்றியதும் இல்லை.

கடைசித் தெருவில் வாழ்பவர் யார் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் அது காலனி. குழாயின் நீளத்திலும் சாதி ஓடுகிறது. திருப்பலியில் ஒரே அப்பத்தைப் பகிரும் நாம், ஒரே தொட்டியின் நீரைப் பகிரக் கற்றோமா?

இக்கேள்வியைப் பிறரிடம் கேட்குமுன் நம்மிடமே கேட்டுக்கொள்ளும் கட்டாயம் ஒருமுறை நேர்ந்தது. முன்னர் நாம் பணியாற்றிய ஒரு பங்கில், கோவில் வளாகத்தில் ஆழமான துளைக்கிணறு ஒன்றைத் தோண்டினோம். நீர் பொங்கிவந்த அன்று நன்றித் திருப்பலியும் நிறைவேற்றினோம். இரண்டு கோடைகளுக்குப் பின்னர், மதிலுக்கு வெளியே கடைசித் தெருவில் இருந்த அடிபம்பு வற்றியது. ஒரு மாலைப்பொழுது, வெற்றுக்குடத்துடன் மூதாட்டி ஒருவர் வாயிலில் வந்து நின்று, "சாமி, உங்க பைப்புல தண்ணி வருதா சாமி?" என்று கேட்டார். குறை கூறும் குரலன்று அது. ஒரு வாய் நீருக்கான விசாரிப்பு மட்டுமே. மறுவாரமே மதிலுக்கு வெளியே ஒரு குழாய் அமைத்தோம். பங்கு மக்கள் நம் இரக்கத்தைப் பாராட்டினர். நாமும் அப்பாராட்டை ஏற்றுக்கொண்டோம்.

நம் கிணற்றால்தான் அந்த அடிபம்பு வற்றியது என்று எவரும் நிறுவவில்லை. இல்லை என்றும் நிறுவவில்லை. ஆயினும் அந்த ஐயம் நம்மை விடவில்லை. ஏழைக்குத் தேவையானதை நாம் கொடுக்கும்போது இரக்கம் காட்டுவதைவிட நீதியின் கடனையே தீர்க்கிறோம் என்று புனித பெரிய கிரகோரியார் ஆயர்களுக்கு எழுதிய நூலில் போதிக்கிறார். குருமடத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதினோம்; பொருள் விளங்கியதோ அந்தக் குழாயடியில்தான். நாம் கொடை என்று பெயரிட்டது, ஒருவேளை, ஈடுசெய்தலாக இருந்திருக்கலாம். கடனைத் தீர்ப்பவனுக்குப் பாராட்டு எதற்கு?

நீர் வழங்கும் நிர்வாகத்தில் நல்ல நெறி ஒன்று உண்டு. நீரில் குளோரின் போதுமா என்பதைத் தொட்டியடியில் மட்டும் பார்த்தால் போதாது. கடைக்கோடிக் குழாயிலும் பார்க்கவேண்டும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருந்தால்தான் ஊரின் நீர் காக்கப்பட்டதாகப் பொருள். சின்னஞ்சிறியோருக்குச் செய்தது எதுவோ அதைக்கொண்டே இறுதித் தீர்ப்பு அமையும் என்று மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் கூறுவதும் இதே அளவுகோல் அன்றோ?

தமிழகத்தில் 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. பெரும்பாலும் தவக்காலத்தில் வரும் நாள் அது. சிலுவைப்பாதைக்குத் திரளும் நாம் அச்சபைக்கும் செல்வோம். நம் வீட்டில் எவ்வளவு வருகிறது என்பதைப் பிறகு கேட்கலாம். கடைசித் தெருவிற்கு வருகிறதா என்பதை முதலில் கேட்போம். வரவில்லையெனில், அன்று மாலை வீடு திரும்பியதும் முதல் வேலையாக நம் குழாயில் பொருத்திய மோட்டாரைக் கழற்றுவோம்.