மெச்சினால் போதுமா?

ருவாண்டாவில் 1994-ல் 100 நாள் அளவும் படுகொலை நடந்தது. தாய் தகப்பனை இழந்த ஆயிரமாயிரம் வீடுகளில் மூத்த பிள்ளையே குடும்பத்தை நடத்திற்று. சின்னப் பெண்பிள்ளைகள் கிழங்கு நட்டு, தண்ணீர் சுமந்து, தம்பி தங்கச்சிகளைத் தூங்கவைத்தார்கள்.

இதை வாசித்தபோது, "எவ்வளவு பொறுப்பான பிள்ளைங்க!" என்று மெச்சினேன். அப்புறம் மனசு குத்தியது. அவர்களைத் தூங்கவைத்தது யார் என்று கேட்டேனா?

அந்நாட்டு வழக்கப்படி தகப்பன் நிலம் மகளுக்குச் சேராதிருந்தது. உறவினரே நிலத்தை எடுத்துக்கொண்டதும் உண்டு. 1999-ல்தான் சட்டம் மகளுக்கும் பங்கு கொடுத்தது. பெரியவர்கள் தூக்காமல் விட்ட பாரத்தைத்தான் அந்தப் பிள்ளைகள் தூக்கினார்கள்.

உங்கள் தெருவிலே அப்படியொரு பிள்ளை உண்டா? மெச்சிவிட்டுப் போகாதேயுங்கள். பாரத்தின் ஒரு முனையைப் பிடியுங்கள்.