இலாபமும் நட்டமும்

பொருளீட்டல் குற்றமன்று; ஈட்டும் வழியே குணமாகவும் குற்றமாகவும் நிற்பது. இதனை நாம் வகுப்பறையிலே பலகாற் சொல்லியிருக்கின்றோம். ஆயினும், இது நல்வழியோ தீவழியோ பகுத்துரைக்க என ஒரு மாணாக்கன் எதிர்நின்று வினாவும்போதே நமது சொல்லின் உறுதி விளங்கும். அத்தகைய வினா ஒன்று அண்மையிலே எம்மை வந்தடைந்தது.

எம்மிடங் கணிதம் பயின்று, பின்னர்ச் சர்வகலாசாலையிலே அதே பாடத்திற் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் எம்மில்லம் வந்தார். "ஐயா, உத்தியோகந் தேடி அலைய எனக்கு விருப்பமில்லை. பங்கும் நாணயமும் வாங்கி விற்கும் சந்தைவாணிகத்தையே தொழிலாகக் கொள்ள எண்ணுகின்றேன். தங்கையின் சீதனத்துக்கென அப்பா வைத்திருக்கும் பணத்தை முதலாகத் தருவதற்கு அவரும் இசைந்துவிட்டார். இது சூதென்று அம்மா வருந்துகின்றார். தாங்கள் யாது சொல்லுகின்றீர்கள்?" என்றார்.

சூது என்னும் ஒரு சொல்லால் விடைகூறி அனுப்பிவிடுதல் எளிது. நாம் மிஷன் பாடசாலையிற் கற்ற நாளிலே, குதிரைப்பந்தயத்தையும் பங்குச் சந்தையையும் ஒரே மூச்சிற் கண்டித்த ஆசிரியர்கள் இருந்தார்கள். அவ்விடையே எம் நாவிலும் வந்து நின்றது. எனினும் ஆராயுமிடத்து அது முழுவுண்மையன்று. யப்பான் தேசத்து ஒசாக்கா நகரிலே, டோஜிமா அரிசிச் சந்தையில் 1730ஆம் ஆண்டு முதல் அரசாங்கத்தின் அநுமதியோடு முன்பேரம் நடைபெற்றது. முன்பேரமாவது, பின்னொரு நாளிலே தீர்க்கப்படும் பேரத்துக்கு இன்றே விலை துணிந்துகொள்ளுதல். விலை வீழுமோ என அஞ்சும் ஒருவன் தன் அச்சத்தை இதனால் இன்னொருவன்மேல் இறக்கிவைக்கின்றான். ஏற்பவன் ஆதாயங் கருதியே ஏற்பினும், ஒரு பாரத்தைச் சுமக்கின்றான். பிறர் விற்க விரும்பும்போது வாங்குவதற்கும், வாங்க விரும்பும்போது விற்பதற்கும் ஆயத்தமாய் நிற்போர் இலரேல், சந்தை வறண்டுபோம். திருவள்ளுவரும் சூதுக்கெனத் தனியதிகாரம் வகுத்தார்; வாணிகரையோ நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளிலே வைத்தார். ஆதலால், இத்தொழில் சூதோ வாணிகமோ என்பது அதன் பெயரைக்கொண்டன்று, செய்வோன் நிற்கும் நிலையைக்கொண்டே துணியப்படும்.

அந்நிலையை அறிதற்கு வினா ஒன்று போதும் என்பது எமது துணிபு: நட்டம் வந்தால் அதனைச் சுமப்பவர் யார்?

இவ்வினாவைக் கேளாதுவிட்டதன் பயனை உலகம் கண்டதுண்டு. 1762ஆம் ஆண்டு இலண்டனிலே தொடங்கப்பட்ட பேரிங்ஸ் வங்கி 1995ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் வீழ்ந்தது. அதன் சிங்கப்பூர்க் கிளையிலிருந்து யப்பானியப் பங்குச் சுட்டெண்ணின்மீது முன்பேரஞ் செய்த நிக் லீசன் என்பவர், நேர்ந்த நட்டங்களை 88888 என்னும் இலக்கமுடைய கணக்கிலே மறைத்துவந்தார். வாணிகஞ் செய்தவரும் அவரே. அவ்வாணிகத்தின் கணக்கைத் தீர்க்கும் அலுவலகத்துக்குத் தலைவரும் அவரே. இழந்ததை மீட்கும்பொருட்டு மேன்மேலும் பெரிதாய்ப் பேரம் பேசினார். ஈற்றிலே வங்கி இழந்த தொகை ஏறக்குறைய 827 மில்லியன் பவுண். அவருக்கு அப்பொழுது வயது 28. அறிவின்மையால் வந்த கேடன்று இது. பிறர் பணத்தை வைத்து ஆடியவரைத் தடுத்துக் கேட்பார் இல்லாமையால் வந்த கேடு.

தன் பணத்தையே வைத்து ஆடுவோன் இதற்கு விலக்கோ எனின், அதனையும் நோக்குவோம். இந்தியாவிலே பங்குச் சந்தையை மேற்பார்வை செய்யும் செபி என்னும் வாரியம் 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஓர் ஆய்வை வெளியிட்டது. முன்பேரத்திலும் அதனைச் சார்ந்த விருப்புரிமை ஒப்பந்தத்திலும் ஈடுபட்ட தனியாட்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் மூவாண்டுக் கணக்கை ஆராய்ந்தபோது, 100 பேரில் 93 பேர் நட்டமடைந்திருந்தனர். தனியாட்கள் எல்லோரும் சேர்ந்து இழந்தது 1.8 இலட்சம் கோடி ரூபாவுக்கு மேல். எதிர்ப்பக்கத்திலே இலாபம் பெற்றவை, கணினி நெறிகளைக்கொண்டு வாணிகஞ் செய்யும் பெருநிறுவனங்களே. தனியறையிலே கைத்தொலைபேசியோடு அமர்ந்திருக்கும் பட்டதாரி, தன் கணித அறிவு ஒன்றையே துணையாகக்கொண்டு இவற்றோடு பொருதப் புகுகின்றார்.

முறையாகப் புகும் வழியும் உண்டு, அது நெடிது. இலண்டன், நியூயோர்க் நகரங்களிலுள்ள பெருவங்கிகள் படிப்பு முடியுமுன்னரே மாணவரைக் கோடை விடுமுறையில் அழைத்து வேலையிற் பழக்கிப் பார்க்கின்றன. தம் முதலைக்கொண்டு வாணிகஞ் செய்யும் நிறுவனங்கள் மனக்கணக்கிலும் நிகழ்தகவிலும் சோதனை வைக்கின்றன. சேர்ந்தபின்னும் முதியோர் அருகிருந்து கற்றல் வேண்டும். இத்துணைக்குமேல் இழக்கலாகாது என்னும் எல்லை வகுக்கப்படும். கணக்கைச் சரிபார்ப்பவர் வேறொருவராய் இருப்பார். கொழும்பிலும் பங்குத்தரகர் சங்கம் 1896ஆம் ஆண்டிலேயே தோன்றியது. இன்றும் தரகு நிலையங்களிலே சிறு வேலையிற் சேர்ந்து தொழில் பழகலாம். இவ்வழியிலே மாணவன் செய்யும் பிழையின் நட்டத்தை, அது நேருமென அறிந்து, அளந்து, உடன்பட்டோரே சுமக்கின்றனர்.

இவற்றைச் சொல்லியபின், "தம்பி, அந்தப் பணத்தைப்பற்றித் தங்கையைக் கேட்டீரா?" என்றோம். அவர் சிறிதுநேரம் பேசவில்லை. பின்னர், "ஐயா, தாங்கள் வங்கியிலே வைப்பிட்டு வட்டி வாங்குகின்றீர்கள். அவ்வட்டியும் வேறு யாரோ ஏற்ற ஆபத்தின் பயனன்றோ?" என்றார். இப்பொழுது மௌனஞ் சாதிக்கும் முறை எம்முடையதாயிற்று.

அவர் கூறியது மெய். எமது சேமிப்பு யார் கைக்குப் போகின்றது, யார் இழப்பிலே வளர்கின்றது என நாம் ஒருநாளேனும் விசாரித்ததில்லை. ஆயினும், இதனால் எம் வினா பொய்யாவதில்லை; எம்மையும் தன்னுள் அடக்கிக்கொள்ளுகின்றது. வினாவியவனையும் சுடாத வினா அறவினாவன்று.

சில வாரங்களின் பின் அவரிடமிருந்து கடிதம் வந்தது. தங்கையைக் கேட்டாராம், அப்பெண், தான் மேலும் படிக்க விரும்புவதாகவும், பணம் அதற்கே வேண்டுமெனவும் சொன்னாளாம். வீட்டிலே அதுவரை எவரும் அவளைக் கேட்டிருக்கவில்லை. இளைஞர் தரகு நிலையங்களுக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருக்கின்றார். இடம் இன்னுங் கிட்டவில்லை. எம் சொல்லால் அவருக்கு நேர்ந்த தாமதம் எம் நெஞ்சிலே பாரமாகவே இருக்கின்றது.

உபாத்தியாய நண்பர்களே, இலாபநட்டக் கணக்கை நாம் ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். ஒருவன் இவ்விலைக்கு வாங்கி இவ்விலைக்கு விற்றான். நூற்றுக்கு எத்தனை இலாபம் எனக் கேட்டு, விடை சரியெனக் கண்டவுடன் பலகையை அழித்துவிடுகின்றோம். நாம் முப்பதாண்டு அவ்வாறே அழித்தோம். இனி அழிக்குமுன், அந்த நட்டம் யாருக்கு, அதனை ஏற்க அவர் உடன்பட்டாரோ என்னும் வினாவையும் கேட்பித்துப் பழக்குவோமாக.