பழைய குற்றத்தின் ஆயுள் எத்தனை ஆண்டு?

குற்றஞ் செய்தவனுக்கு நீதிமன்றம் தண்டனை விதிக்கிறது. அதனை அனுபவித்து முடித்து அவன் வெளிவருகின்றான். அவன் கடன் தீர்ந்ததா? தீர்ந்தது என்கிறது நீதிமன்றம். தீரவில்லை என்கிறது உலகம். இவ்விரண்டனுள் எது நியாயம் என்பதே இங்கு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் கிள்ளானுக்குக் குடிவந்த நம் இளைஞர் பலருக்கு வண்டியோட்டும் தொழிலே பற்றுக்கோடாயிற்று. துறைமுக லோரி, பஸ், வாடகைக் கார் ஆகியவற்றால் வாழும் குடும்பங்கள் பல. கைப்பேசியில் அழைக்கப்படும் கார்களை ஓட்டுவோரும் தொழில் உரிமம் பெறவேண்டும், அவர்தம் குற்றப்பின்னணி ஆராயப்படவேண்டும் என்னும் விதி 2019 இல் நடைமுறைக்கு வந்தது. அதனை நாம் குறைகூறோம். இரவில் தாயும் குழந்தையும் ஏறும் வண்டியைச் செலுத்துவோன் யாவனென அறிதல் கடமையே. ஆயினும், எத்தனை ஆண்டு பின்னோக்கிப் பார்ப்பது?

நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 48 ஆவது பிரிவை நோக்குவோம். ஓராண்டுக்குக் குறையாத சிறையோ, 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ பெற்றவர் பாராளுமன்றத்தில் அமரும் தகுதியை இழக்கின்றார். ஆனால், விடுதலையாகி, அல்லது அபராதம் விதிக்கப்பட்டு, ஐந்தாண்டு கழிந்தால் அத்தடை நீங்குகிறது. நாட்டுக்குச் சட்டமியற்றுவோருக்கு ஐந்தாண்டு போதுமெனில், சரக்கு லோரி ஓட்டுவோனுக்கு மட்டும் ஆயுள் முழுவதும் தடையா? அண்டை நாடாகிய சிங்கப்பூர், சிறு தண்டனை பெற்றவர் ஐந்தாண்டு குற்றமின்றி வாழின் அப்பதிவு காலாவதியாகும் என 2005 இல் சட்டந் திருத்தியது.

நிற்க. எல்லாக் குற்றமும் ஒரு தராசில் நிறுக்கத்தக்கனவல்ல. குடித்துவிட்டு வண்டியோட்டி உயிர் பறித்தவனுக்குப் பத்தாண்டுக்குக் குறையாமல் உரிமம் மறுக்கும்படி 2020 இல் நம் சட்டம் கடுமையாக்கப்பட்டது. அது தகும், குற்றமும் தொழிலும் ஒன்றையொன்று தொடுகின்றன. குழந்தைகளுக்குத் தீங்கிழைத்தவனைப் பள்ளிப் பஸ்ஸில் அமர்த்தலாகாது என்பதும் அவ்வாறே. ஆனால், பதினெட்டு வயதில் கைகலப்பில் சிக்கியவனை நாற்பது வயதிலும் வாயிலில் நிறுத்தித் திருப்பியனுப்புதல் எவ்வகைப் பாதுகாப்பு?

"திருடன் என்றும் திருடனே" என்பார் உளர். அவ்வெண்ணம் முற்றினால் எங்குக் கொண்டுசெல்லும் என்பதைத் தமிழர் அறிவர். 1871 இல் இயற்றப்பட்டுப் பின்னர்ச் சென்னை மாகாணத்திலும் புகுந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறக்கும்போதே மனிதனைக் குற்றவாளியாக்கிற்று. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 இல் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். அம்மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947 இல்.

கிள்ளானிலும் ஒரு பாடம் உண்டு. 1941 இல் தோட்டத் தொழிலாளர் கூலியுயர்வு கேட்டனர். துரை எதிர்ப்படின் சைக்கிளைவிட்டு இறங்கும் இழிவு ஒழியவேண்டும் என்றனர். அவர்தம் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அன்றைய அரசின் ஏட்டில் அவர் கலகக்காரர். இன்று நம் வரலாற்றில் தலைவர். பதிவேடு ஒருவன் ஒருநாள் இருந்த நிலையைக் கூறும். அவன் இன்று யார் என்பதைக் கூறாது.

ஆதலின், வேலை கொடுக்கும் நம்மவர் மூன்றைக் கேட்கட்டும்: குற்றம் யாது? அது இத்தொழிலைத் தொடுகின்றதா? அதன்பின் அவன் வாழ்ந்த ஆண்டுகள் எங்ஙனம்? பெண் கொடுப்போரும், வாடகைக்கு வீடு விடுவோரும் இவற்றையே கேட்கலாம். திருந்தியவனுக்குக் கதவடைத்துவிட்டு, அவன் மீண்டும் பழைய கூட்டத்தில் சேர்ந்தபின் "அன்றே சொன்னோம்" என்பது அறிவுடைமை ஆகாது. அவனை அங்குத் தள்ளியதில் நமக்கும் பங்குண்டு.