பிழைத்தவர் முறையிடலாமா?

சாவின் வாயிலிலிருந்து மீண்டு வந்த ஒருவர், "கஞ்சி இறங்கவில்லை, நாளொன்றுக்குப் பத்து முறை கழிப்பறைக்குப் போகிறேன்" என்று சொன்னால் கேட்பவர் என்ன நினைப்பார்? உயிர் கிடைத்ததே, அது போதாதா என்றுதான் பலரும் எண்ணுவர். வாய்விட்டுச் சொல்லாவிடினும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். நோயாளியோ, பிறர் கேட்குமுன்பே அக்கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொண்டு வாயடைத்துப் போகிறார். இந்த மௌனம் நற்பண்புதானா?

எலும்பு மஜ்ஜையை ஒருவரிடமிருந்து மற்றவர்க்குச் செலுத்திய முதல் முயற்சிகளை அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ் 1957-இல் வெளியிட்டார். 1990-இல் நோபல் பரிசு பெற்றார். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983-இலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இலும் இச்சிகிச்சை தொடங்கிற்று. குருத்தணு மாற்றுச் சிகிச்சை என்று இன்று வழங்கும் இதனால் இரத்தப் புற்றுநோயாளரும் தலசீமியா நோயுற்ற குழந்தைகளும் பலர் வாழ்கின்றனர்.

ஆனால் புதிய அணுக்கள் வேர்கொள்ள, பழைய மஜ்ஜையைக் கடும் மருந்தாலும் சில வேளை கதிர்வீச்சாலும் முதலில் அழிக்க வேண்டும். விரைந்து பெருகும் அணுக்களே அம்மருந்தின் இலக்கு. மயிர்க்கால்களும், வாய் தொடங்கிக் குடலின் இறுதி வரையுள்ள உட்படலமும் அவ்வாறு விரைந்து பெருகுபவையே. முடி உதிர்வதை எல்லாரும் காண்கின்றனர். உட்படலம் சிதைவதை எவரும் காண்பதில்லை. வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் விழுங்குவதற்கே மார்ஃபின் வேண்டியவர்கள் உண்டு. மெல்ஃபலான் என்னும் மருந்தை ஏற்றும்போது பனிக்கட்டித் துண்டுகளை வாயில் அடக்கிக்கொண்டால் புண் குறைகிறது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வாய்க்கு வரும் மருந்து குறைந்துவிடுகிறது. மாபெரும் சிகிச்சையின் நடுவே எத்துணை எளிய உதவி!

இரண்டு மூன்று வாரங்களில் வெள்ளணுக்கள் ஏறத் தொடங்கப் புண்ணும் ஆறுகிறது. பசியும் சுவையும் திரும்பப் பலர்க்கு மாதக்கணக்கில் ஆகிறது. நம் வீடுகளிலோ அன்பின் மொழி சோறு. "இன்னும் ஒரு வாய்" என்று தாய் மன்றாடுகிறாள். குழம்பு தாளிக்கும் மணமே ஓங்கரிப்பை எழுப்புகையில், அவளுக்காக உண்டு, கொல்லைப்புறம் சென்று வாந்தியெடுத்துவிட்டு வந்து, "நன்றாயிருந்தது" என்கிறார் மகன். குளிக்கத் துணை வேண்டும்; மாடி ஏறக் கைத்தாங்கல் வேண்டும். மாதங்கள் கழித்து வெளியே செல்ல மருத்துவர் இசைந்த பின்னும், வயிற்றை நம்பி ஒரு மணி நேரத் திருப்பலிக்குப் போக அஞ்சுகிறார்.

குருத்தணு தந்தவர் உடன்பிறந்தவராயின் மௌனம் இன்னும் கனக்கிறது. உடன்பிறந்தோர் இருவர்க்கு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. அப்படிப் பொருந்தி வந்த தம்பியின் அணுக்கள், அண்ணனின் உடலை அந்நியமாகக் கருதி, தோலையும் கல்லீரலையும் குடலையும் தாக்குவதுண்டு. "தம்பி தந்ததால் வயிறு இப்படி ஆயிற்று" என்று எந்த அண்ணன் வாய் திறப்பார்? நன்றிகெட்டவன் ஆகிவிடுவோமோ என்ற அச்சம்! ஆயினும் குடல் தாக்குண்ட கடுமையை மருத்துவர்கள் நாள்தோறும் கழியும் அளவைக் கொண்டே பெரிதும் கணிக்கின்றனர்: 500 மில்லிலிட்டரைக் கடந்தால் முதல் நிலை, 1,000-ஐக் கடந்தால் இரண்டாவது, 1,500-ஐக் கடந்தால் அதற்கும் மேல். நாணத்தால் மறைப்பவர்க்கு ஸ்டீராய்டு தொடங்க வேண்டிய நாள் தவறிப்போகிறது.

அன்றாட இயக்கத்தை அளக்கவும் ஓர் அளவுகோல் உண்டு. 1940-களின் இறுதியில் கார்னோஃப்ஸ்கி என்பார் வகுத்தது. 100 என்றால் முழுநலம். 70 என்றால் தம்மைத் தாமே கவனித்துக்கொள்வார், வேலைக்குச் செல்ல இயலாது. 50 என்றால் பிறர் துணை பெரிதும் வேண்டும். பயனுள்ள அளவுகோல்தான். எனினும் எண்ணை இடுபவர் மருத்துவர். நோயாளியின் சொல்லையும் மருத்துவரின் குறிப்பையும் ஒப்பிட்ட ஆய்வுகள், குமட்டல், களைப்பு போன்றவற்றை மருத்துவர் குறைத்தே மதிப்பிடுவதை மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். குமட்டல் இரத்தப் பரிசோதனையில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

துன்பத்தை ஒப்புக்கொடுத்துப் பொறுத்துக்கொள்ளச் சிறு வயது முதல் கற்றவர்கள் நாம். அதனை நான் எள்ளவில்லை. எந்த மருந்துக்கும் அடங்காத வலியில் அது பலரைத் தாங்கியிருக்கிறது. ஆனால் தணிக்கக்கூடிய வேதனையை மருத்துவரிடம் மறைப்பதற்கு அப்பெயரைச் சூட்டலாகாது. எரிக்கோவில் பார்வையற்றவர் கூவி அழைத்தபோது, பேசாதிருக்குமாறு கூட்டம் அவரை அதட்டியது. ஆண்டவரோ அவரை வரவழைத்து, அவருக்கு என்ன வேண்டும் என்பதை அவர் வாயாலேயே கேட்டறிந்தார். இத்தனைக்கும் அவருடைய குறை எல்லார் கண்ணுக்கும் தெரிந்த குறை. குடலுக்குள் இருப்பதைக் கேளாமல் எவ்வாறு அறிவோம்?

தம்பியும் அதைக் கேட்கவே விரும்புவார் என்று நினைக்கிறேன். அண்ணன் வாழ வேண்டும் என்றுதானே தந்தார்! வீட்டிலுள்ளோர் "சாப்பிட்டாயா?" என்பதை விடுத்து, "எது இறங்குகிறது? எந்த மணம் ஆகவில்லை?" என்று கேட்கலாம். இளஞ்சூட்டுக் கஞ்சியோ அரை இட்லியோ, சிறு கிண்ணத்தில் வைத்துவிட்டு, எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பாராமல் நகர்ந்துவிடலாம். எத்தனை முறை போயிற்று, எவ்வளவு போயிற்று, எதை உண்டபின் குமட்டியது என்று அவரே எழுதிய தாளை, மருத்துவமனைக்குப் புறப்படும் காலையில் அவர் பையில் எடுத்து வைக்கலாம்.